மூன்றாம் மாடி மூலை வீடு

பிப்ரவரி 3

அன்புள்ள குண்டூசிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகமாகவே இருக்கிறேன். ரத்த அழுத்தம்கூட இந்த மாதம் ஒழுங்காக நடந்துகொள்கிறது. உன் முழங்கால் எப்படி? உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்?

விஷயத்துக்கு வருகிறேன். உன் பேட்டையில் பழைய குடை ஆலையை வீடுகளாக மாற்றி விற்கிறார்களாமே. விளம்பரம் பார்த்துத் தரகரிடம் பேசினேன். மூன்றாம் மாடியில் மூலை வீடு, இரண்டு அறை, லிஃப்ட் உண்டு. உன் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை என்றார். அத்தான் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இவ்வளவு பெரிய வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான் பேசிக்கொள்கிறோம். உங்கள் பக்கத்தில் வந்து இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன். பயப்படாதே, உன் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொள்ள மாட்டேன்.

ஊரில் எல்லாருக்கும் வீடு பார்த்துச் சொல்வது உன் தொழில். சுவரைத் தட்டி, ஓதம் உண்டா, விரிசல் உண்டா என்று அறிக்கை எழுதித் தருகிறாய். எனக்கும் ஒன்று எழுதித் தா. ஏப்ரல் முடியும்வரை வேறு யாருக்கும் காட்டுவதில்லை என்று தரகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நீ சரி என்றால் வாங்குகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். உன் வார்த்தைதான்.

முக்கியமாக வெளிச்சம் எப்படி என்று பார். லிஃப்டிலிருந்து வீட்டுக்குள் போகப் படி உண்டா, குளியலறையில் மேடு பள்ளம் உண்டா என்றும் பார். போனில் சொல்லாதே. போனில் என்னைச் சிரிக்க வைத்தே கேட்டதை மறக்கடித்துவிடுவாய். எழுது. கடைசியில் அவளையும் இரண்டு வரி எழுதச் சொல்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி சுகம். முழங்கால் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்ததுபோல் நடந்துகொள்கிறது. அவளும் நலம். சமையலறையில் கை வேலையாக இருக்கிறாள். உன்னை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

ஐந்து வயதில் வீட்டுச் சுவரையெல்லாம் குண்டூசியால் குத்திப் பார்த்து உன்னிடம் அடி வாங்கினேன். ஐம்பத்திரண்டிலும் அதே வேலைதான். இப்போது கூலி தருகிறார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம்.

எங்கள் பேட்டை வளர்கிறது அக்கா, வளர்கிற வேகத்தில் போன மாதம் பார்த்த தெருவை இந்த மாதம் அடையாளம் தெரியவில்லை. ஐஸ் ஆலை வீடாகிவிட்டது. செருப்புக் கிடங்கு வீடாகிவிட்டது. பழைய போலீஸ் ஸ்டேஷனையும் விடவில்லை. போன வாரம் அங்கே ஒரு தம்பதிக்கு வீடு பார்க்கப் போனேன். லாக்கப்பாக இருந்த அறைதான் படுக்கையறை. கணவர் உள்ளே நின்று முழித்தார்.

"என்னமோ சார், உள்ள வந்தாலே ஏதோ தப்புப் பண்ணின மாதிரி இருக்கு."

"பண்ணியிருப்பீங்க," என்றார் அந்த அம்மா. "கம்பியை எடுத்திருக்கக் கூடாது, விட்டிருக்கணும்."

நான் அறிக்கையில் 'காற்றோட்டம் குறைவு' என்று மட்டும் எழுதினேன்.

உன் குடை ஆலையை இன்னும் பார்க்கவில்லை. வேலை நெருக்கடி. பார்த்துச் சொல்கிறேன். ஒன்று: எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தபால்காரர் குழியைத் தாண்ட மாட்டேன் என்கிறார். இனிமேல் என் ஆபீஸ் முகவரிக்கே எழுது.

அன்புடன்,
குண்டூசி

பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

லாக்கப் கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் என் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று தெரிந்தது. எழுத்திலும் அதே வித்தையைக் காட்டுகிறாயே.

இங்கே நான் இருக்கும் வீட்டை விலைக்குக் கேட்கிறவர்களை ஏப்ரல்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு இதில் கொஞ்சம் அவசரம். ஏன் என்று கேட்காதே. வயசானால் எல்லாமே அவசரம்தான். போய்ப் பார்த்து எழுது. வெளிச்சத்தை மறக்காதே. காலையிலா, சாயங்காலமா, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று வேண்டும்.

அவள் இரண்டு வரி எழுதவில்லையே?

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே இருவரும் நலம். அவள் அசந்து தூங்குகிறாள், எழுப்ப மனமில்லை.

குடை ஆலையைப் பார்த்துவிட்டேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு படி.

நாற்பது வருஷம் ஊரையெல்லாம் மழையிலிருந்து காப்பாற்றிய கட்டடம். அதற்கு ஒரு மழை தாங்கவில்லை. சுவரெல்லாம் ஓதம். வெள்ளையடித்து மறைத்திருக்கிறார்கள். நான் கையை வைத்ததும் வெள்ளை என் கையோடு கிளம்பி வந்துவிட்டது. ஒரு பெரிய கூடத்தை நாலாக அறுத்து நாலு வீடு என்கிறார்கள். நடுவில் உள்ளது சுவர் இல்லை. இரண்டு பலகை, இடையில் காற்று. தட்டிப் பார்த்தேன். "யாரு?" என்று பக்கத்து வீட்டிலிருந்து பதில் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் காலை ஐந்து மணிக்கு எழுந்து நாலு தடவை இருமுவார். ஐந்தாவது வருமா வராதா என்று காத்துக்கிடந்தே நம் தூக்கம் போய்விடும். செவ்வாய்க்கிழமைகளில் அவருக்கு மகனிடமிருந்து போன் வரும். அவர் "சரிப்பா, சரிப்பா" என்று பதினோரு தடவை சொல்வார். போன் வைத்த பிறகு ஒரு தடவை "சரிடா" என்பார். அது பலகைக்குச் சொல்வது.

குளியலறைத் தண்ணீர் வாசலை நோக்கி ஓடுகிறது, விருந்தாளியை எதிர்கொண்டு அழைக்க. தரையில் கோலிக்குண்டை வைத்தால் சமையலறைவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. மேலே பொய்க்கூரை. பொய் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்ட ஒரே பாகம் அதுதான். வெளிச்சமா? பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கைப் போட்டால்தான் ஜன்னல் எங்கே என்று தெரிகிறது.

வேண்டாம் அக்கா. உன் வீடு மாதிரி வராது. அங்கேயே இரு.

அன்புடன்,
குண்டூசி

மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். தரகரிடம் சொல்லிவிட்டேன். "யாரும்மா அப்படிச் சொன்னது? வந்து ஒரு தடவை கண்ணால பாருங்க," என்று ரொம்பக் கேட்டார். "என் தம்பி சொன்னா எனக்கு நானே பார்த்த மாதிரி," என்று சொல்லி வைத்துவிட்டேன். மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. திரைச்சீலைக்குத் துணிகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

ஒன்று செய்யலாமா? உன் வீட்டு மாடியறை சும்மாதானே கிடக்கிறது. மே மாதம் வந்து ஒரு மாதம் தங்குகிறேன். நாம் மூன்று பேருமாக அலைந்து வேறு நல்ல வீடாகப் பார்க்கலாம்.

ஒரு சந்தேகம். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் காலை ஐந்து மணிக்கு எத்தனை தடவை இருமுவார் என்று எப்படித் தெரிந்தது?

அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இருமல் கணக்கு வாட்ச்மேன் கொடுத்தது. அந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் யார் வீட்டில் எத்தனை தும்மல் என்றுகூடச் சொல்வார். நான்தான் கொஞ்சம் மசாலா தூவினேன்.

மே மாதம் வேண்டாமே. மாடியறைக்கு வர்ணம் அடிக்கிறோம். நெடி தாங்காது. வர்ணம் அடிப்பவர் ஒரு சுவரை முடித்துவிட்டு இரண்டாவது சுவருக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் நானே எழுதுகிறேன்.

அவளுக்குக் கட்டைவிரல் சுளுக்கு. இல்லாவிட்டால் எழுதியிருப்பாள்.

அன்புடன்,
குண்டூசி

ஏப்ரல் 22

தம்பி மனைவிக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

சுகமாக இருக்கிறாயா? தெருவைத் தோண்டியிருப்பதால் உங்கள் வீட்டுக்குத் தபால் வராது என்று தம்பி சொல்கிறான். வருகிறதா பார்ப்போம் என்றுதான் வீட்டு முகவரிக்கே இதை அனுப்புகிறேன்.

உன் கட்டைவிரல் எப்படி இருக்கிறது?

அண்ணி

மே 5

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

என் கட்டைவிரலுக்கு ஒன்றுமில்லை அண்ணி. தெருவையும் யாரும் தோண்டவில்லை.

அவர் இந்த வீட்டைவிட்டுப் போய் ஒன்பது மாதம் ஆகிறது. வீடு என் அப்பாவுடையது என்பதால் அவர்தான் பெட்டியை எடுத்தார். நான்தான் போகச் சொன்னேன். பிப்ரவரியில் நீங்கள் அவருக்கு எழுதியதைப் பிரிக்காமல் அவர் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினேன். உங்களுக்கு அவரே எழுதியிருப்பார் என்று இருந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

அடித்தாரா, குடித்தாரா என்று எல்லாரும் கேட்டார்கள். இரண்டும் இல்லை. வீடு பார்த்துக் குறை சொல்கிற மாதிரி நாலு பேர் நடுவில் என்னைப் பற்றிச் சொல்வார். என் நடை, என் சமையல், நான் தூங்குகிற விதம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்படி இருபது வருஷம் சிரித்தேன். ஒருநாள் சிரிப்பு வரவில்லை. "ஏன் இன்னிக்கு மூஞ்சியில விரிசல்?" என்று அதற்கும் ஒன்று சொன்னார். அவ்வளவுதான் அண்ணி.

அவர் இப்போது குடை ஆலையில் இருக்கிறார். தரைத்தளம், நாலாம் எண். ஓதமும் சத்தமுமாக யாரும் வாங்காமல் கிடந்த வீடாம். குறைந்த வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. திரும்பி வர வேண்டும் என்றும் இல்லை.

உங்கள் கையால் எனக்குப் பூ வைத்துக் கூட்டிவந்தீர்கள். அதை மறக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவியாக இருந்தவள்

மே 17

குடை ஆலை, தரைத்தளம், நாலாம் எண்ணில் இருக்கும் தம்பிக்கு,

சுகம்.

நீ எழுதியது உன் வீட்டைப் பற்றி. நான் கேட்டது மூன்றாம் மாடி மூலை வீட்டைப் பற்றி. அது எப்படி இருக்கிறது?

அக்கா

ஜூன் 2

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் உட்கார்ந்து எழுதுவேன். மூன்றாவது வரியில் ஒரு வேடிக்கை வந்து நிற்கும். கிழித்துப் போடுவேன்.

நல்ல வீடு அக்கா. இத்தனை வருஷத்தில் இந்தப் பேட்டையில் நான் பார்த்த மாற்றுக் கட்டடங்களில் அதுபோல் ஒன்று இல்லை. மூலை என்பதால் இரண்டு பக்கமும் பழைய ஆலைச் சுவர். ஜன்னல் கட்டையில் கையை நீட்டி வைத்தால் முழங்கைவரை உள்ளே போகிறது, அவ்வளவு பருமன். அறுத்த கூடத்தில் அது சேரவில்லை. அது குடைத் துணிக்குச் சாயம் பார்க்கும் அறையாக இருந்ததாம். நிறம் பிசகக் கூடாது என்று கிழக்கிலும் வடக்கிலும் ஆள் உயர ஜன்னல். காலையில் வெயில், மற்ற நேரமெல்லாம் கூசாத வெளிச்சம். லிஃப்டிலிருந்து ஒரு படிகூட இல்லை. கோலிக்குண்டை வைத்தேன். வைத்த இடத்திலேயே நின்றது.

அதைப் பார்த்துவிட்டுக் கீழே என் அறைக்கு வந்து உனக்கு எழுதினேன். என்ன எழுதுவது என்று நிமிர்ந்தபோது கண் முன்னால் இருந்ததையெல்லாம் எழுதினேன். பலகை, ஓதம், இருமல் எல்லாம் என்னுடையது. ஒரு விதத்தில் அதில் பொய்யே இல்லை, எண் மட்டும்தான் மாறிவிட்டது. பார், இதோ மறுபடி வந்துவிட்டது வேடிக்கை.

கல்யாணத்தன்று நீ என் காதில் சொன்னாயே, "இந்தப் பெண்ணு அழுதா நீ என் வாசல் மிதிக்காதே." நீ மூன்றாம் மாடிக்கு வந்தால் முதல் நாளே அவளைக் கேட்பாய். ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளிப் போட்டால் அதற்குள் அவள் மனசு மாறிவிடும், நான் ஒன்றுமே நடக்காத மாதிரி உன்னைக் கூப்பிடலாம் என்று ஒரு கணக்கு. அவள் மனசு மாறவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ தரகரிடம் வேண்டாம் என்று சொன்ன மூன்றாவது வாரம், ஒரு டீச்சரும் அவர் கணவரும் என்னைக் கூப்பிட்டார்கள். அதே மூலை வீடு. எல்லாம் பார்த்து முடித்தேன்.

"ஒரு குறைகூட இல்லையா சார்?" என்றார் டீச்சர்.

"இல்லம்மா."

"குறை சொல்றதுக்குத்தானே உங்களைக் கூப்பிடறது?"

"இருந்தாத்தானேம்மா சொல்ல முடியும்."

"அப்ப இதுக்கு முன்னாடி கேட்ட அம்மா ஏன் வேணாம்னு விட்டாங்க? யாரோ ஓதம் அடிக்குதுன்னு சொன்னாங்களாமே?"

"அவங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க," என்றேன்.

அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தில் நான் பொய் எழுதியதில்லை. மே முதல் வாரம் குடி வந்துவிட்டார்கள். நீ கேட்டு எழுதியபோது அந்த ஜன்னல்களில் அவர்களுடைய திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. வேறு வீடு பார்க்கிறேன் அக்கா. தினமும் பார்க்கிறேன். அதுபோல் கிடைக்கவில்லை.

தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல என் நாத்தனார் எழுதுகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அவளைக் கேள். ('நன்றாகத்தான் எழுதுகிறேன்' என்று அவள் சொல்கிறாள், அதையும் எழுதிவிட்டாள்.)

என் வீட்டைக் கொடுத்துவிட்டேன். இப்போது நாத்தனார் வீட்டில் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகும் என்று உனக்கே தெரியும். ஆனால் முப்பது வருஷமாக வந்து போன வீடு. எத்தனை படி, எங்கே திரும்பினால் குழாய் என்று காலுக்கே தெரியும். எனக்கு இனி அப்படிப்பட்ட வீடுதான் சரி.

ஜனவரியில் டாக்டர் சொன்னார், கண்ணில் நடுப்பாகம் தேய்ந்துகொண்டு வருகிறது என்று. எனக்கு நேராக யாராவது வந்து நின்றால் முகம் இருக்கிற இடத்தில் புகை மாதிரி இருக்கிறது. பக்கத்தில் நின்றால் தெரிகிறது. முழு இருட்டு ஆகாதாம். ஆனால் இந்த வருஷத்துக்குள் வேகமாகக் குறையும் என்றார். பார்வை இருக்கும்போதே ஒரு புது வீட்டில் குடியேறி, சுவரும் கதவும் எங்கே என்று கண்ணால் பழகிக்கொண்டுவிட்டால் பிறகு சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குத்தான் அந்த அவசரம். இப்போது ஐந்து மாதம் போய்விட்டது. இனி எந்த வீடு பார்த்தாலும் பிரயோசனம் இல்லை. நீ தேடுவதை நிறுத்து.

உன்னை மட்டும் சொல்லி என்ன? நானும் மறைத்தேன். கண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தால் நீ பரிதாபப்பட்டு எந்தக் குப்பை வீடானாலும் வா என்பாய். தொழில்காரனாக உண்மையைச் சொல்லட்டும் என்று நினைத்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

அவளுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இங்கே எப்போது வந்தாலும் அவளுக்கு ஒரு பாய் உண்டு.

உன் கடிதத்தை இவள் வாசித்துத்தான் கேட்டேன். வாசிக்கும்போது இரண்டு இடத்தில் இவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை. இனிமேல் எழுதினால் பெரிய எழுத்தாக எழுது. நானே பார்த்துப் படிக்கிறேன்.

அக்கா

ஜூலை 3

அக்கா,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன். தாளுக்கு இரண்டு வரிதான் பிடிக்கிறது.

நான் சுகமாக இல்லை.

அவளை அழவைத்தேன்.

உனக்கு இருந்த ஒரு நல்ல வீட்டை நானே இன்னொருவருக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வருகிறேன். வாசல் மிதிக்காதே என்றால் வெளியே நிற்கிறேன்.

எதிரே நிற்க மாட்டேன். பக்கத்தில் வந்து நிற்கிறேன்.

திட்டு.